கால் எட்டுமா

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "கால் எட்டுமா மேடம்?" என்பதுதான். மைலேஜ், விலை, தவணை எல்லாம் அதற்குப் பிறகு. நான் மூன்று ஷோரூம்களுக்குப் போனேன். மூன்றிலும் இதையே கேட்டார்கள். மூன்றாவது ஷோரூமில் இருந்த தம்பி நல்ல பையன். அவன் குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. கேலியைப் பதிலுக்குக் கேலி செய்து கடந்துவிடலாம். அக்கறையைத்தான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். எடை 54 கிலோ. அப்போது வயது 44. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். 2023-இல் மலைக் கிராமங்களுக்குப் போகும் மண்பாதையில் ஓட்டத் தக்க ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆய்வுக்கு" என்று சுருக்கமாகச் சொல்லிவந்தேன். விரிவாகச் சொன்னால் இதுதான். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாடும் பாடல்களைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர், மலை வளைவுகளோடு தார்ச்சாலை. பேருந்து உண்டு. அதற்கப்புறம் உள்ளே பிரியும் பாதைகளில்தான் பாட்டு இருக்கிறது. சில இடங்களில் செம்மண், சில இடங்களில் உருட்டுக்கல், மழை பெய்தால் இரண்டும் கலந்த சேறு. அங்கே என்னை யாராவது ஒரு ஆண்தான் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். சக ஆய்வாளர், மாணவர், ஊர்க்காரர் யாராவது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் திரும்பிப் போக வேண்டிய நேரம் ஒன்று இருந்தது.

வகுப்பில் முல்லைத் திணை நடத்தும்போது அதன் உரிப்பொருள் இருத்தல் என்று சொல்லிக் கொடுப்பேன். தலைவன் வருவான் என்று தலைவி ஆற்றியிருப்பது. நான் இருந்தது வண்டிச் சாவிக்காக. ஒப்பாரி பாடுவதில் பெயர்பெற்ற ஒரு பாட்டி இருந்தார். பகலில் கேட்டால் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிடுவார். "பொழுது சாயணும் கண்ணு. வெளிச்சத்துல அழுகப் பாட்டு வருமா?" என்பார். பொழுது சாயும்போது என்னைக் கூட்டிவந்தவர் வாசலில் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருட்டில் மலை இறங்குவது ஆபத்து, அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பாட்டியிடம் என்னால் பதிவு செய்ய முடிந்தது மொத்தம் 11 நிமிடங்கள். அடுத்த முறை போனபோது அவர் இல்லை. அவருக்கு அவரைப் போல அழத் தெரிந்தவர் யாரும் அந்த ஊரில் இல்லை. அந்த 11 நிமிடங்களுக்குப் பிறகுதான் கியர் வண்டிக்கான உரிமம் எடுத்தேன்.

நம் ஓட்டுநர் உரிமத்தில் கியர் இல்லாத வண்டி ஒரு வகை, கியர் உள்ள வண்டி வேறொரு வகை. எழுத்தில் இதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. ஆனால் 2018-இல் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி மானியம் வந்தபோது, விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், வண்டி கியர் இல்லாததாகவும் 125 சிசி-க்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஸ்கூட்டர்கள் எத்தனையோ பெண்களின் காலை நேரத்தை மீட்டுக் கொடுத்தவை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பெண்ணின் பயணம் வீட்டிலிருந்து வேலைக்கு, தார்ச்சாலை வழியாக, இருட்டுமுன் என்று யாரோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளிலும் பெண்ணுக்கு ஓர் இடம் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், பின்னால் அமர்பவருக்குப் பிடிமானமும் கால் வைக்கும் இடமும் வேண்டும், அவருடைய துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று இருக்கிறது. கடைத்தெருவில் அதற்கு 'சாரி கார்டு' என்று பெயர். பெண்ணை நினைத்து மோட்டார் சைக்கிளில் வைக்கப்பட்ட உறுப்பு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்து. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் கற்றபோது நடந்த ஒன்றை சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளே சில பெண்களுக்குப் பிடித்திருந்ததாம், அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால். எந்த வண்டி யாருக்கு என்பதை வண்டி செய்தவர்களைவிட ஓட்டுகிறவர்கள்தான் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். தமிழ்ப் பேராசிரியை இதற்கு ஒரு தமிழ்ச் சொல் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். மெக்கானிக் கடையில் சஸ்பென்ஷன், ஷாக், ஃபோர்க் என்றுதான் சொல்கிறார்கள். கற்றுக்கொண்ட இடத்துச் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள்தான் ஃபோர்க். இந்த வகை வண்டிகளில் பின்பக்கம் சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக் இருக்கும். இரண்டிலும் ஸ்பிரிங் உண்டு, எண்ணெய் உண்டு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியாக மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் கசிந்து போன பழைய வண்டியில் போயிருந்தால் தெரியும், ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி அடுத்த மூன்று கம்பம் வரை ஆடிக்கொண்டே போகும். சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். கடைக்காரர்கள் வாயில் அதற்கு 'டிராவல்' என்று பெயர்.

என் முன்னால் மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. பெயர் இமயத்தைச் சொன்னாலும் சென்னைப் பக்கத்து ஆலைகளில் பிறந்தது. சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர், முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீட்டர் டிராவல், எடை 199 கிலோ. இரண்டாவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. சீட் 825, டிராவல் முன்னால் 190, பின்னால் 170, எடை ஏறத்தாழ 159 கிலோ. மூன்றாவது அதே எக்ஸ்பல்ஸின் 'புரோ'. டிராவல் முன்னால் 250, பின்னால் 220. சீட்டோ 891 மில்லிமீட்டர் உயரத்தில்.

ஷோரூம் தம்பியின் கணக்கு எளிமையானது. குள்ளமான மேடம், குறைந்த சீட், எனவே ஹிமாலயன். ஏறி உட்காரவைத்தான். இரண்டு பாதத்தின் முன்பாதியும் தரையில் பதிந்தன. "பாத்தீங்களா மேடம், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றான். ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. மேடு பள்ளத்தில் எருமை மேல் போவது போல நிதானமாகப் போனது. நான் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த எண்ணம்தான் என்னை யோசிக்கவைத்தது.

என் பழைய மாணவி ஒருத்தி வார இறுதிகளில் மண்பாதை ஓட்டுகிறவள். தமிழ்த் துறை வழக்கப்படி இன்றும் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் கேட்டேன். "கால் எட்டுறத விடுங்கம்மா. உங்க வெயிட்டுக்கு வண்டி எவ்ளோ உட்காருதுன்னு மொதல்ல பாப்போம்" என்று திருவண்ணாமலையில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப் போனாள். அவரிடம் சொந்த உபயோகத்துக்கு ஒரு எக்ஸ்பல்ஸ் இருந்தது, புரோ அல்லாதது.

அன்று கற்றதை இந்த நூலைப் படிக்கும் பெண்கள் யாராவது வண்டி வாங்கப் போனால் உதவட்டும் என்று எழுதுகிறேன். ஆள் ஏறியதும் வண்டி தன் ஸ்பிரிங்கின் மேல் கொஞ்சம் கீழே இறங்கும். அதை நான் இறக்கம் என்று சொல்கிறேன். மண்பாதை வண்டியில் மொத்த டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே போக இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே போகவும் இடம் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இறக்கம் இருந்தால்தான் சக்கரம் பள்ளத்துக்குள் நீண்டு மண்ணைத் தொட்டுக்கொண்டே போகும். இறக்கம் குறைவாக இருந்தால் பள்ளத்தின் மேல் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை.

அளப்பது சுலபம். மூன்று பேரும் தையல் டேப் ஒன்றும் போதும். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாதபோது, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஷூ, பையோடு ஏறி உட்கார்ந்து, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். எனக்கு 41 மில்லிமீட்டர் வந்தது. 170-இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 57-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "வண்டி உங்கள கண்டுக்கவே இல்ல டீச்சர்" என்றார்.

என் எடைக்கு அந்த ஸ்பிரிங் கடினம். வழக்கமாக ஓட்டும் ஓர் ஆணின் எடையையும் பின்னால் அமரும் இன்னொருவரையும் சேர்த்துத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் 54 கிலோவுக்கு எப்படி மசியும்? அது மசியாததால் வண்டி உட்காருவதில்லை. வண்டி உட்காராததால் சீட் உயரமாகவே நிற்கிறது. அதனால் கால் எட்டுவதில்லை. அதே காரணத்தால் கல்லில் ஏறும்போது முதுகில் அடிக்கிறது, பள்ளத்தில் சக்கரம் தரையை விடுகிறது. ஒரே உயரமுள்ள ஆணும் பெண்ணும் ஒரே வண்டியில் ஏறினால், எடை குறைந்தவளுக்கு அது இன்னும் உயரமான வண்டி. "உங்க ஹைட்டுக்கு இது சரிவராது" என்று நம்மிடம் சொல்லப்படுவதில் பாதி நம் உயரத்தைப் பற்றியதே அல்ல. அந்த ஸ்பிரிங் யாரை நினைத்துச் சுற்றப்பட்டது என்பதைப் பற்றியது. இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. கால் எலும்பை நீட்ட முடியாது. ஸ்பிரிங்கைத் தளர்த்த முடியும்.

அந்த வண்டியின் பின் ஷாக்கில் பத்துப் படிகள் உண்டு. கடைசிப் படி வரை தளர்த்தியதும் இறக்கம் 49 ஆனது. சீட்டும் அந்த அளவு தாழ்ந்தது. இதனால் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, ஆரம்பத்தில் எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறோம் என்பது மட்டும்தான் மாறும். முழுக்கச் சரியாக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஆனாலும் அந்த 8 மில்லிமீட்டரின் வித்தியாசம் என் இடுப்புக்குத் தெரிந்தது.

ஹிமாலயனில் இந்தச் சிக்கல் குறைவு. வண்டியே கனமானது என்பதால் இறங்க வேண்டியதில் பெரும்பகுதியை அதன் எடையே பார்த்துக்கொள்கிறது. ஓட்டுகிறவர் 54 கிலோவா 75 கிலோவா என்பது 199 கிலோவுக்கு முன் சிறிய விஷயம். அதனால்தான் அது எனக்கும் மெத்தென்று இருந்தது. நெடுஞ்சாலையிலும் அது சுகமான வண்டி. எக்ஸ்பல்ஸ் 90-ஐத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. மெத்தென்ற சவாரிதான் வேண்டும் என்றால் கதை இங்கே முடிந்திருக்கும்.

மாணவி விடவில்லை. வறண்ட ஏரிக்குள் கூட்டிப் போய், இரண்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்தாள். "தூக்குங்கம்மா" என்றாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கு அடியில் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். எக்ஸ்பல்ஸ் முதல் முயற்சியிலேயே எழுந்தது. ஹிமாலயன் மூன்றாவது முயற்சியில் எழுந்தது, அதுவும் சமதரையில், வெயில் ஏறாத காலையில், யாரும் பார்க்காதபோது. இரண்டுக்கும் 40 கிலோ வித்தியாசம். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ, அதன் மேல் 10 கிலோ அரிசி மூட்டை. அதைச் சேற்றுச் சரிவில், தனியாக, கைபேசிக்கு சிக்னல் இல்லாத இடத்தில் தூக்குவதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிவது நிற்கும்போது தரும் தைரியம். விழுந்த வண்டியை யாரையும் கூப்பிடாமல் தூக்க முடிவது வேறு தைரியம். நான் தேடிப் போனது இரண்டாவதை.

அவளுடைய புரோவையும் ஓட்டிப் பார்த்தேன். 891 மில்லிமீட்டரில் எனக்கு ஒரு காலின் நுனிவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. அவள் 5 அடி 8 அங்குலம், 70 கிலோ. வேகமாக ஓட்டுகிறவள். மேட்டில் ஏறினால் இரண்டு சக்கரமும் தரையை விட வேண்டும் அவளுக்கு. வேகமாகப் போய்க் கல்லில் மோதும்போது சக்கரம் சட்டென்று மேலே ஏறும். டிராவல் குறைவாக இருந்தால் கடைசி வரை போய் 'டங்'கென்று முட்டும். அவளுக்கு 250 மில்லிமீட்டர் ஆடம்பரம் இல்லை, தேவை. எனக்கோ அந்த உயரத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்த வாய்ப்பில்லை. நான் முதல் கியரிலும் இரண்டாவதிலும், கிளட்சைப் பாதி பிடித்து, எந்தக் கல்லுக்கு வலப்பக்கம் போவது என்று பார்த்துப் பார்த்துப் போகிறவள். மெதுவாகப் போகிறவளுக்கு அதிக டிராவல் வெறும் உயரம்தான். டிராவல் எவ்வளவு அதிகமோ வண்டி அவ்வளவு நல்லது என்று பேசுகிறவர்கள், எல்லோரும் தங்களைப் போலவே ஓட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மலைப்பாதையில் மெதுவாகப் போவதற்குப் பழைய மரபு உண்டு. மலைபடுகடாம் 583 அடி. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கும் விறலியருக்கும் வழி சொல்லும் நூல். அவன் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம், ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்துக்குப் பக்கம். எங்கே பன்றிக்கு வைத்த பொறி மறைந்திருக்கும், எங்கே பாசி வழுக்கும், எங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், தினைப்புனத்திலிருந்து கவண்கல் பறந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. கல்லில் பட்டுத் தேய்ந்த விறலியின் பாதம் இளைத்த நாயின் நாக்குக்கு ஒப்பாக வருகிறது. இருபது ஆண்டுகளாக அந்த உவமையின் நயத்தை நடத்திவருகிறேன். அந்தக் கல்லின் மேல் வண்டி ஓட்டிய பிறகுதான் அந்தப் பெண்ணின் குதிகாலைப் பற்றி யோசித்தேன். சஸ்பென்ஷன் இல்லாத பாதம் அது.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கரடுமுரடான இடத்தில் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டின் மேல் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, டேங்கைத் தொடையால் பிடித்து, முழங்கைகளை வெளியே விரித்து, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். அப்போது வண்டி நமக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஆடும், நம் உடம்பு ஆடாது. முழங்காலும் முழங்கையும் மூன்றாவது சஸ்பென்ஷன்.

என் மாணவி இதை ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தாள். என் உடம்பு கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. காலை விரிக்காதே, கையை ஒடுக்கி வை, தலையைத் தூக்கி நடக்காதே, தரையைப் பார்த்துப் போ என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த உடம்பு அது. அதிலும் தரையைப் பார்ப்பது ஆபத்து. வண்டியில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சக்கரம் போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவோம். பள்ளத்துக்கு அப்பால் பார்க்க வேண்டும். நின்று ஓட்டும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் இருக்கிறது. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "உக்காந்து போம்மா, பாக்க நல்லா இல்ல" என்றார். சஸ்பென்ஷன் பற்றி அவரிடம் விளக்கப் பொறுமை இருக்கவில்லை. கும்பிட்டுவிட்டு நின்றபடியே போனேன்.

வீட்டுப் பெண்களின் பயம் வேறு. "ரெண்டு புள்ள பெத்த வயித்த வெச்சுக்கிட்டு குலுங்கக் குலுங்கப் போனா கர்ப்பப்பை எறங்கிடும்டி" என்றார் என் மாமியார். இதை நம் ஊரில் கேட்காத பெண் இருக்க மாட்டாள். நான் சிரித்துத் தள்ளவில்லை. அவருடைய தலைமுறையில் அந்த அவதியைச் சொல்லாமலே சுமந்த பெண்கள் பலர். மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பிரசவம், வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குவது ஆகியவைதான் பெரிய காரணங்கள் என்றார். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். "குலுக்கலைவிட நீங்க எதைத் தூக்குறீங்கங்கறதுதான் எனக்குக் கவலை" என்றும் சொன்னார். 40 கிலோ வித்தியாசம் அந்த அறையில் வேறு அர்த்தத்தோடு ஞாபகம் வந்தது. மாதவிலக்கு நாள்களில் எப்படி என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். நின்று ஓட்டும் பாதையில் எனக்குச் சிரமம் இல்லை, தார்ச்சாலையில் நெடுநேரம் உட்கார்ந்து போவதுதான் எரிச்சல். அந்த நாள்களில் ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடைக்காரம்மா வீட்டுக் கழிப்பறைதான் எனக்கு வழி. எந்த விவரச் சீட்டிலும் இது இருக்காது.

கடைசியில் புரோ அல்லாத எக்ஸ்பல்ஸை வாங்கினேன். உயரத்தைக் குறைக்கப் பலரும் சொன்ன வழி, பின்பக்க லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்திவிடுவது. மெக்கானிக் அண்ணன் வேண்டாம் என்றார். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் வண்டி திரும்பும் குணம் மாறும், அடிப்பாகம் கல்லில் இடிக்கும், சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டதுபோல வண்டி நேராக நின்று அந்தப் பக்கமாய் விழும். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளிக்காக வாங்கிய வண்டியில் அதையே எதற்குக் குறைக்க வேண்டும்? அதற்குப் பதில் சீட் கவர் கடையில் கொடுத்து முன்பக்க நுரையைப் பக்கவாட்டில் செதுக்கினேன். தொடை அகலத்தைக் குறைத்தாலே கால் இன்னும் கொஞ்சம் கீழே போகும். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். இப்போது ஒரு காலின் முன்பாதி நன்றாகப் பதிகிறது. ஒரு கால் போதும். நிறுத்தும்போது எந்தப் பக்கம் தரை மேடாக இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து அந்தப் பக்கம் சாய்வேன். சாரி கார்டைக் கழற்றிவிடலாமா என்று அவரே கேட்டார். இருக்கட்டும் என்றேன். மலையில் என்னோடு வரும் பெண்கள் சேலைதான் கட்டுகிறார்கள்.

2023 நவம்பரில் புதிய ஹிமாலயன் வந்தது. 452 சிசி, இரண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர் டிராவல், சீட்டை 825-லிருந்து 845-க்கு உயர்த்திக்கொள்ளலாம், எடை 196 கிலோ. எல்லா விதத்திலும் பழையதைவிட மேலான வண்டி. காத்திருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். எடையைப் பார்த்தேன், எனக்கு அதில் ஒன்றும் மாறவில்லை.

இரவு தங்கிப் பதிவு செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு பாடுகிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகு பாடுகிறார்கள். விடிந்ததும் நான் இறங்குகிறேன். போன தை மாதம் என் மாணவியும் தன் புரோவில் உடன் வந்தாள். கல் மிதக்கும் ஏற்றத்தில் அவள் பறந்து போய் மேலே ஒரு பலா மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாள். சேற்று இறக்கத்தில் நான் முன்னால் போனேன், அவள் என் தடத்திலேயே வந்தாள்.

திரும்பும்போது ஊர்ப் பெண்கள் ஒரு பலாப்பழத்தையும் பத்துக் கிலோ சாமையையும் பின்னால் கட்டிவிட்டார்கள். பாரம் ஏறியதும் வண்டி பின்பக்கம் அமுங்கியது. ஸ்பேனரை எடுத்து ஷாக்கை மூன்று படி இறுக்கினேன்.